ஷிப்ரெக் என்றால் கப்பல் உடைவது மட்டும்தானா?

1275ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் என்று பெயர், அரசர் முதலாம் எட்வர்ட் காலம். அதில் ஒரு பிரிவு இப்படிப் போகிறது: கரையில் மோதிய ஒரு கப்பலிலிருந்து ஒரு மனிதனோ, ஒரு நாயோ, ஒரு பூனையோ உயிரோடு தப்பிவிட்டால், அந்தக் கப்பலையும் அதிலிருந்த சரக்கையும் 'ரெக்' என்று கருதக்கூடாது.

முதல் தடவை படிக்கும்போது குழப்பமாகத்தான் இருக்கும். கப்பல் நொறுங்கிக் கிடக்கிறது, சரக்கு அலையில் மிதக்கிறது, ஆனால் பூனை ஒன்று நனைந்தபடி கரையேறிவிட்டதால் இது ரெக் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை என்பதுதான் அர்த்தம். ரெக் என்றால் உடைந்த கப்பல் அல்ல. கடல் கரையில் தள்ளிவிட்ட, இனி உரிமை கேட்க ஆளில்லாத பொருள். ஷிப்ரெக் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இன்றைய பொருளைப் பார்த்துவிடலாம். பொதுவழக்கில் இரண்டு. கப்பல் விபத்துக்குள்ளாகி அழிவது ஒன்று, அப்படி அழிந்து கிடக்கும் கப்பல் இன்னொன்று. 1912இல் டைட்டானிக்குக்கு நேர்ந்ததும் ஷிப்ரெக், 1985இல் அட்லாண்டிக்கின் அடியில், சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்களே அந்த இரும்புக்கூடும் ஷிப்ரெக். தமிழில் முன்னதைக் கப்பற்சேதம் என்றும் பின்னதைக் கப்பல் சிதைவு, மூழ்கிய கப்பல் என்றும் எழுதுகிறோம். கப்பற்சேதம் என்ற சொல்லைத் தமிழ் பைபிள் படித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தான் மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்ததாகப் பவுல் எழுதுகிற இடம் அது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஷிப்ரெக் ஆக கப்பல் மூழ்கித்தான் தீரவேண்டும் என்று இல்லை. தரைதட்டி, பாறையில் சிக்கி, தண்ணீருக்கு மேலேயே துருப்பிடித்து நிற்கிற கப்பலும் ஷிப்ரெக்தான்.

சரி, சொல்லின் வரலாற்றுக்கு வருவோம்.

பல மொழிகள் இந்த விபத்தை 'உடைதல்' என்றே பார்த்தன. லத்தீனில் நௌஃப்ராகியம், நாவிஸ் என்றால் கப்பல், பின்பாதி உடைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தின் 'நௌ'வும் லத்தீனின் நாவிஸும் ஒரே குடும்பத்துச் சொற்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இன்றுவரை அந்த லத்தீன் சொல்லைத்தான் கொஞ்சம் தேய்த்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மனில் ஷிஃப்ப்ரூக், நேராகக் 'கப்பல் உடைவு'. ஆங்கிலத்திலும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஷிப்ரெக் என்ற சொல் இன்றைய பொருளுக்கு வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் விபத்தைக் குறிக்க வைத்திருந்த சொல் ஏறக்குறைய 'ஷிப்ப்ரேக்' என்று ஒலிக்கும், கப்பல் உடைவு என்பதேதான்.

உடைதல் என்பது ஏன் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது என்பதற்கு நம்மிடம் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் கட்டுத்தறியை முறித்துக்கொண்டு வெறியோடு திரியும் யானைக்கு ஒரு கப்பலை உவமையாகச் சொல்லும் இடம். அங்கே ஒரு பாய்மரக் கப்பல் எந்த வரிசையில் அழிகிறது என்பது அப்படியே இருக்கிறது. பெருங்காற்று வீசுகிறது. இறுக்கிக் கட்டிய வலுவான கயிறுகள் முதலில் அறுகின்றன. அடுத்து 'இதை' பிய்கிறது. இதை என்றால் பாய். அப்புறம் 'கூம்பு', அதாவது பாய்மரம், அடியோடு முறிகிறது. கடைசியாகக் கப்பல் கல்லில் மோதுகிறது, சுழியில் சிக்குகிறது. கடலை அறிந்தவர் சொன்ன வரிசை இது. பாய்மரக் கப்பலுக்குப் பாய்தான் எஞ்சின். சுக்கான் வேலை செய்வதற்கும் கப்பலுக்கு ஓட்டம் வேண்டும். கயிறு போனால் பாய் போச்சு, பாய் போனால் ஓட்டம் போச்சு, ஓட்டம் போனால் சுக்கான் வெறும் கட்டை. அதற்குப் பிறகு காற்று கரையைப் பார்த்து வீசினால் கப்பல் கரையில்தான் போய் நிற்கும். நடுக்கடல் ஓரளவு பாதுகாப்பு, கரையோரம் ஆபத்து என்று பாய்மரக் காலத்து மாலுமிகள் பயந்ததற்கு இதுதான் காரணம்.

இந்த 'காற்றும் அலையும் தள்ளிக்கொண்டு வருதல்' என்ற பகுதியைப் பிடித்துக்கொண்ட சொல்தான் ரெக். வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'ரேகா' என்றால் தள்ளு, விரட்டு, ஓட்டிக்கொண்டு போ. ஆடு மாடு ஓட்டுவதற்கும் அதே சொல். கடல் எதைக் கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்ததோ அது ரெக். ஐஸ்லாந்தில் இந்தச் சொல்லின் வாரிசு இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே மரம் அரிது, அதனால் அலையோடு வந்து ஒதுங்கும் மரக்கட்டை வீடு கட்டவும் படகு கட்டவும் தேவைப்பட்டது. எந்தக் கடற்கரையில் ஒதுங்குவது எந்தப் பண்ணைக்கு, எந்தத் தேவாலயத்துக்குச் சொந்தம் என்று உரிமை வகுத்து வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் கரையில் ஒதுங்கும் கடற்பாசிக்கு 'ராக்' என்று ஒரு பெயர் உண்டு, அதுவும் இதே குடும்பம்.

இங்கிலாந்துக்கு இந்தச் சொல் நார்மன் ஆட்சியாளர்களின் பிரெஞ்சு வழியாக, சட்டச் சொல்லாக நுழைந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெக் என்றால் கரையொதுங்கிய சரக்கு. ஷிப், ரெக் இரண்டையும் சேர்த்த கூட்டுச்சொல்கூட சுமார் 1100இல், கப்பலிலிருந்து வந்து ஒதுங்கிய பொருள் என்ற அர்த்தத்தில்தான் கிடைக்கிறது. அது விபத்தைக் குறிக்க ஆரம்பித்தது 15ஆம் நூற்றாண்டின் நடுவில். உடைந்த கப்பலையே ரெக் என்று சொல்வது 1500ஐ ஒட்டி. அதாவது முதலில் சரக்கு, அப்புறம் சம்பவம், கடைசியில்தான் கப்பல்.

இப்போது அந்தப் பூனைக்குத் திரும்பினால் விஷயம் தெளிவாகும். கரையொதுங்கிய பொருள் அரசருக்குச் சொந்தம் என்பது அன்றைய வழக்கம். சில இடங்களில் அரசர் அந்த உரிமையைக் கரையோரப் பிரபுக்களுக்குச் சாசனம் எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் கப்பலில் இருந்த ஒருவர் பிழைத்திருந்தால் சரக்குக்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்று ஆகிவிடுகிறதே? அதனால்தான் அந்த நிபந்தனை. எலிக்காகக் கப்பலில் பூனை வளர்ப்பார்கள், அதனால் பூனையும் பட்டியலில் வந்துவிட்டது. உயிர் ஒன்று தப்பியிருந்தால் சரக்கை அதிகாரிகள் எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும். ஓர் ஆண்டும் ஒரு நாளும் தவணை. அதற்குள் உரியவர் வந்து தன்னுடையது என்று நிரூபித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரும் வராவிட்டால்தான் அரசருக்கு.

நல்ல நோக்கத்தோடு எழுதிய சட்டம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். எல்லோரும் செத்தால் மட்டுமே சரக்கு கரைக்காரனுக்கு என்று ஒரு விதி இருந்தால், அலையோடு போராடி வருகிற ஒருவனைப் பார்த்ததும் கரையில் நிற்பவன் மனதில் என்ன ஓடும்? 1753இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஆபத்திலிருக்கும் கப்பலைக் கொள்ளையடித்தாலோ, தப்பி வருபவரைத் தடுத்தாலோ தாக்கினாலோ, கப்பலை ஏமாற்றப் பொய் விளக்கு காட்டினாலோ மரண தண்டனை. இவ்வளவு கடுமையாக எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. பிறகு 1771இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் ஒரு வழக்கில் இந்த உயிர்க் கணக்கையே ஒதுக்கிவைத்தார்: மனிதனோ மிருகமோ தப்பவில்லை என்பதற்காக மட்டும் சொந்தக்காரர் உரிமை இழக்க மாட்டார், பொருள் யாருடையது என்று அடையாளம் தெரிந்தால் போதும். ஒரு நியாயமான விதிக்கு வந்து சேர 500 வருஷம் பிடித்திருக்கிறது.

இது ஐரோப்பாவின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. வங்காள விரிகுடாக் கரையிலும் இதே கதைதான், அதற்கு கல்வெட்டே இருக்கிறது. இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் மோட்டுப்பள்ளி என்று ஓர் ஊர். காகதீய அரசர் கணபதிதேவர் 1244-45இல் அங்கே கடல் வணிகர்களுக்கு ஓர் அபய சாசனம் பொறித்து வைத்தார். அந்தத் துறைமுகத்துக்கு இன்னொரு பெயரும் அதில் வருகிறது, தேசியுய்யக்கொண்டபட்டினம். தமிழ்ப் பெயர், தமிழ் வணிகர்கள் அந்தக் கரையில் எவ்வளவு தூரம் புழங்கினார்கள் என்பதற்கு அந்தப் பெயரே போதும். சாசனம் சொல்வதன் சாரம் இது: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கிளம்பிய கப்பல்கள் புயலில் அடிபட்டு உடைந்து கரையில் தூக்கி எறியப்பட்டால், அவற்றிலிருந்த பொன், யானை, குதிரை, மணிகள் எல்லாவற்றையும் முந்தைய அரசர்கள் பலவந்தமாகப் பறித்துக்கொண்டார்கள். உயிரைவிடச் செல்வம் பெரிது என்று கடலில் இறங்கும் இந்த மனிதர்களிடம் நாம் அப்படிச் செய்ய மாட்டோம், விதித்த சுங்கத்தைத் தவிர மற்றதெல்லாம் அவர்களுக்கே.

விதித்த சுங்கம் என்பது முப்பதில் ஒரு பங்கு. கருணை, புகழ், புண்ணியம் என்று காரணம் சொல்லியிருக்கிறார், அதோடு கணக்கும் இருந்திருக்கும். கரையொதுங்கினால் பறிகொடுக்க வேண்டும் என்று தெரிந்த துறைமுகத்துக்கு எந்த வணிகன் வருவான்? அர்த்தசாஸ்திரமும் இதையேதான் வேறு விதமாகச் சொல்கிறது. காற்றில் அடிபட்டு வரும் கப்பலைத் துறைமுக அதிகாரி தகப்பனைப் போல ஆதரிக்க வேண்டும், தண்ணீர் பட்ட சரக்குக்குச் சுங்கம் வாங்கக்கூடாது அல்லது பாதிதான் வாங்க வேண்டும் என்கிறது. எனக்கு இந்த வரிகள் மிகவும் பிடிக்கும். எல்லாவற்றையும் இழந்து கரையில் நிற்கிறவனிடமிருந்து மிச்சத்தையும் பிடுங்குவது எவ்வளவு எளிது என்று தெரிந்தவர்கள், அதைச் செய்யாதே என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தப்பியவர்களின் கதை என்றால் மணிமேகலையில் வரும் சாதுவனை விட்டுவிட முடியாது. ஆதிரையின் கணவன். சூதில் பொருளைத் தொலைத்துவிட்டு, மறுபடி சம்பாதிக்க வணிகர்களோடு கப்பல் ஏறுகிறான். கப்பல் காற்றில் உடைகிறது. முறிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு அலை தள்ளிய திசையில் போய் நாகர்கள் வாழும் மலைப்பக்கம் கரை சேர்கிறான். அதே விபத்தில் தப்பி ஊர் திரும்பிய சிலர் அவனும் செத்துவிட்டான் என்று சொல்ல, இங்கே ஆதிரை தீயில் இறங்கத் துணிகிறாள். கப்பல் போனவன் கதி என்ன என்று மாதக்கணக்கில் தெரியாமல் இருப்பதுதான் அன்றைய கரைவாசிகளின் வாழ்க்கை.

ஆங்கிலக் கடல் சட்டத்தில் ரெக்குடன் சேர்ந்து நான்கு சொற்கள் அடிக்கடி வரும், நாவல்களிலும் செய்திகளிலும்கூடப் பார்க்கலாம், அதனால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கப்பல் அழிந்தபோது தானாக மிதந்து வந்த பொருள் ஃப்ளாட்சம். கப்பலைக் காப்பாற்ற எடை குறைக்கிறோம் என்று மாலுமிகளே கடலில் தூக்கிப் போட்டது ஜெட்சம். பின்னால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மிதவை கட்டிக் கடலில் இறக்கியது லாகன். மீட்கும் நம்பிக்கை இல்லாமல், திரும்பி வரும் எண்ணமும் இல்லாமல் கைவிட்டது டெரலிக்ட். கைவிட்டுவிட்டதால் டெரலிக்ட் கண்டவனுக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. மீட்டவருக்குச் சன்மானம் கேட்க உரிமை உண்டு, பொருள் அவருடையது ஆகிவிடாது.

இது வெறும் பழங்கதை இல்லை என்பதற்கு 2007 ஜனவரியில் இங்கிலாந்தின் டெவன் கரையில் நடந்ததே சாட்சி. எம்எஸ்சி நேப்போலி என்ற கப்பல் புயலில் பழுதாகி, பிரான்ஸ்கோம்ப் என்ற சின்ன ஊர்க் கடற்கரைக்குப் பக்கத்தில் தரைதட்ட வைக்கப்பட்டது. கண்டெய்னர்கள் உடைந்து பொருட்கள் கரையேறின: பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்கள், ஒயின் பீப்பாய்கள், குழந்தைகளுக்கான டயப்பர்கள், கார் உதிரி பாகங்கள். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள், புதுப் பைக்கை மணலில் தள்ளிக்கொண்டு போன படங்கள் உலகமெல்லாம் வந்தன. எடுத்துப் போகலாமா என்றால், பிரிட்டிஷ் சட்டப்படி எடுத்ததை 28 நாளுக்குள் 'ரிசீவர் ஆஃப் ரெக்' என்ற அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வைத்துக்கொள்வது குற்றம். 1275இன் ஓர் ஆண்டும் ஒரு நாளும் என்ற தவணை இன்று அங்கே ஓர் ஆண்டாக இருக்கிறது. அதற்குள் சொந்தக்காரர் உரிமை கோரலாம். இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்திலும் ரிசீவர் ஆஃப் ரெக் என்ற பதவி இருந்தது.

பழைய சிதைவுகள் வேறு கணக்கு. கடலடியில் 100 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கும் மனிதத் தடயங்களைப் பண்பாட்டுச் செல்வமாகக் கருதி, முடிந்தவரை கிடக்கும் இடத்திலேயே காக்க வேண்டும், வியாபாரத்துக்கு எடுக்கக்கூடாது என்று 2001இல் யுனெஸ்கோ ஓர் ஒப்பந்தம் கொண்டு வந்தது. காரணம் எளிது: ஒரு கப்பல் மூழ்கினால் ஒரே நாளின் வணிகம் முழுசாக அப்படியே கீழே போய்விடுகிறது. இலங்கையின் தெற்கே கொடவாய கடலில் சங்கு குளிப்பவர்கள் கண்டுபிடித்த சிதைவு ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழையது. கண்ணாடிக் கட்டிகள், உலோகம், அரைகற்கள், மண்பாண்டங்கள் எல்லாம் ஒரே குவியலாக இருந்தன. பூம்புகாருக்கு எதிரே கடலில் தேசிய கடலியல் ஆய்வு நிறுவனத்தார் ஈயக் கட்டிகள் கிடந்த ஒரு சிதைவைக் கண்டார்கள், கட்டிகளில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது. பூம்புகார் என்றதும் சோழர் காலக் கப்பல் என்று எதிர்பார்க்கத் தோன்றும், இது 18ஆம் நூற்றாண்டின் கடைசிச் சரக்கு.

இனி இன்றைய நிலைமை. ஒரு காலத்தில் ரெக் என்றால் 'எனக்கு, உனக்கு' என்று அடித்துக்கொண்டார்கள். இப்போது யாருக்கும் வேண்டாத பொருளாகிவிட்டது. துருப்பிடித்த கப்பலில் எண்ணெய் இருக்கும், ரசாயனம் இருக்கும். அதை அகற்றும் செலவு சில சமயம் கப்பலின் விலையையே தாண்டும். உரிமையாளர் கம்பெனி வேறொரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டுடையது. அதனால் சட்டத்தின் கேள்வியே மாறிவிட்டது. யார் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டது போய், யார் எடுத்தாக வேண்டும் என்று கேட்கிறது. 2007இல் நைரோபியில் ரெக் அகற்றுவதற்கென்றே ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டு, 2015இல் அமலுக்கு வந்தது. கப்பலின் பதிவுபெற்ற உரிமையாளரே ரெக்கை அகற்ற வேண்டும், 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் அதற்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதில் ரெக் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் மிக அகலமானது: மூழ்கிய அல்லது தரைதட்டிய கப்பல், அதன் எந்தப் பகுதியும், கப்பலிலிருந்து கடலில் தவறிப்போய் மிதக்கும் அல்லது ஒதுங்கும் எந்தப் பொருளும், அதோடு மூழ்கப்போகிறது என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய, காப்பாற்றும் வேலை சரியாக நடக்காத கப்பலும்கூட. கரையொதுங்கிய பொருள் என்ற பழைய அர்த்தம் சுற்றிச் சுற்றி மறுபடி உள்ளே வந்துவிட்டது பாருங்கள்.

2025 மே 25இல் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது அதில் 640 கண்டெய்னர்கள் இருந்தன, 13இல் அபாயகரமான சரக்கு, 12இல் கால்சியம் கார்பைடு. ஊழியர்கள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் பெட்டிகள் ஒதுங்கின. பருப்பு அளவே உள்ள பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரி வரை வந்தன. கொழும்புக்கு அருகே 2021இல் தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் அதே மணிகள் சுமார் 1,680 டன் இருந்தன. சல்லடை வைத்துச் சலித்துத்தான் மணலிலிருந்து அவற்றைப் பிரிக்க வேண்டும், மழைக்கும் அலைக்கும் பிறகு மறுபடி மேலே வரும். மீன்பிடிக்கத் தடை வந்து வலையைக் கட்டி வைத்தவர்கள் கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.